வாங் ஷூவின் பழைய ஓட்டுச் சுவர்: நம் ஊரில் அதைக் கட்ட முடியுமா?

செந்தூல்மலர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்தத் தவணையில் செந்தூலில் ஒரு சின்ன வாசிப்புக்கூடம் வடிவமைக்க வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பழைய குவார்ட்டர்ஸ் வரிசை ஒன்றை இடித்துக்கொண்டிருக்கிறார்கள், காலையில் நான் கிளம்பும்போதே லோரிகள் செங்கல்லையும் ஓட்டையும் அள்ளிக்கொண்டு போகும். அம்மாவின் தோழிகள் பிறந்து வளர்ந்த வீடுகள் அவை. அந்தச் செங்கல், அந்த ஓடு, இரண்டையும் வைத்தே கூடத்தின் சுவரைக் கட்டினால் என்ன என்று தோன்றியது. அப்படித் தேடும்போதுதான் சீனக் கட்டடக்கலைஞர் வாங் ஷூ கிடைத்தார்.

சீனாவின் நிங்போ நகரில் அவர் கட்டிய வரலாற்று அருங்காட்சியகத்தின் படத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். இடித்த வீடுகளின் ஓடும் செங்கல்லும் வரிவரியாக அடுக்கி, மலைச்சரிவு போலச் சாய்ந்து நிற்கும் பெரிய சுவர். இரண்டு நாள் அந்தப் படத்தை விட்டு என்னால் நகர முடியவில்லை. அதே மாதிரி வரைந்து கொண்டுபோய்க் காட்டினேன். விரிவுரையாளர் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சுவர் இருக்கிறது, சரி. இதைக் கட்டப்போகிறவர் யார்?" என்னிடம் பதில் இல்லை.

என் தாத்தா கொத்தனார். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார், அவருடைய கரணை மட்டும் இன்னும் வீட்டில் இருக்கிறது. அதனாலோ என்னவோ அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை.

நான் கேட்க நினைப்பது இதுதான். 1990களில் பெரும்பகுதி வாங் ஷூ எந்த வேலையும் ஒப்புக்கொள்ளாமல் கட்டடத் தொழிலாளர்களோடு இருந்தார் என்று படித்தேன், அது எதற்காக? இவ்வளவு பெரிய ஆள் தன் அலுவலகத்துக்கு 'அமெச்சூர்' என்று ஏன் பெயர் வைத்தார்? அந்தச் சுவர் உண்மையில் பாரம் தாங்குகிறதா, வெறும் முகப்பா? நம் மழையில் அப்படி ஒரு சுவர் நிற்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிள்ளான்கரை எழுதியது:

தங்கச்சி, நான் கட்டடக்கலைஞன் இல்லை, கட்டடப் பொருள் வாங்கி விற்கிறவன். வேலை விஷயமாக நிங்போவுக்கும் ஹாங்சோவுக்கும் போய்வந்திருக்கிறேன், அந்தச் சுவரைக் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அதன்பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வாங் ஷூ 1963இல் சின்ஜியாங்கின் உரும்சியில் பிறந்தவர். அப்பா இசைக்காரர், ஓய்வு நேரத்தில் தச்சு வேலை செய்வாராம். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். பிழைப்புக்காக இல்லாமல் பிடித்ததற்காக மரத்தை இழைக்கிற ஒருவரைப் பார்த்து வளர்ந்த பையன் அவர். நான்ஜிங்கில் படித்து 1988இல் முதுகலை முடித்தார், அப்புறம் ஹாங்சோவுக்கு வந்து பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பது பற்றிய ஆய்வில் சேர்ந்தார். பக்கத்து ஊரான ஹைனிங்கில் ஓர் இளைஞர் மையம், 1990இல் முடிந்தது, அதுதான் முதல் கட்டடம். அதோடு நிறுத்திவிட்டார்.

அந்தக் காலத்துச் சீனாவை நினைத்துப் பாருங்கள். ஊரெல்லாம் இடிக்கிறார்கள், ஊரெல்லாம் கட்டுகிறார்கள், கையில் பட்டம் வைத்திருக்கிறவர் யாராக இருந்தாலும் வரைபடம் போட்டுக் காசு பார்த்திருக்கலாம். இவர் பதவியும் வேண்டாம் கட்டட ஒப்பந்தமும் வேண்டாம் என்று தளத்தில் கொத்தனார், தச்சர் பக்கத்தில் நின்று வேலை கற்றுக்கொண்டார். 1997இல் மனைவி லு வென்யுவோடு அலுவலகம் தொடங்கியபோது வைத்த பெயர்தான் அமெச்சூர் ஆர்க்கிடெக்சர் ஸ்டூடியோ. 'அமெச்சூர்' என்றால் தெரியாதவன் என்று அவர் சொல்ல வரவில்லை. கட்டடக்கலைஞர் என்று ஒரு தொழில் வருவதற்கு முன்பே மக்கள் வீடு கட்டிக்கொண்டுதானே இருந்தார்கள், அந்தக் கைவேலையிலிருந்தும் பழக்கத்திலிருந்தும் வருகிற அறிவைத் தன் பட்டத்தைவிட மேலே வைக்கிறார். நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்.

சுவர் விஷயத்துக்கு வருகிறேன். அது அவர் கண்டுபிடித்ததே கிடையாது. நிங்போ பக்கத்துக் கிராமங்களில் அதற்கு 'வாபான்' என்று பெயர். புயல் அடிக்கிற கடற்கரை ஊர்கள், வீடு விழுந்தால் கிடைத்த ஓடு, உடைந்த செங்கல், கல் எல்லாவற்றையும் சேர்த்துச் சட்டென்று சுவர் எழுப்பிவிடுவார்கள். அந்தப் பழக்கம் அழிந்துகொண்டிருந்தது. அருங்காட்சியகத்தின் கட்டுமானம் கான்கிரீட், சுவரின் உயரம் 24 மீட்டர், ஆகவே பாரம் தாங்குவது அந்தப் பழைய ஓடுகள் இல்லை, கான்கிரீட்டோடு பிணைத்து அடுக்கியிருக்கிறார்கள். இன்னொன்றும் கவனியுங்கள். எல்லாச் சுவரும் ஓட்டுச் சுவர் கிடையாது, சில பக்கங்களில் மூங்கிலை அச்சுப் பலகையாக வைத்துக் கான்கிரீட் ஊற்றியிருக்கிறார்கள், கிட்டப் போனால் மூங்கிலின் கணு அப்படியே பதிந்திருக்கும். எனக்கு ஓட்டுச் சுவரைவிட அதுதான் பிடித்தது.

அந்த இடத்தில் முன்பு சுமார் 30 கிராமங்கள் இருந்து, புதிய நகர மையத்துக்காக இடிக்கப்பட்டன. அவற்றின் ஓடுதான் சுவரில் இருக்கிறது. நான் போனபோது ஒரு வயதான அம்மா சுவரின் ஓரமாகவே நடந்துபோய் விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே இருந்தார். நானும் உள்ளே போகாமல் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் அவர் நேராக அருங்காட்சியகத்துக்குப் போய்விடவில்லை. அதே நிங்போவில் 'ஐந்து சிதறிய வீடுகள்' என்று சின்னச் சின்னக் கட்டடங்களில், 2003 முதல் 2006 வரை, இந்தச் சுவரையும், மண்ணை அச்சில் கொட்டி இடித்து இறுக்கிய சுவரையும் கட்டிச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஹாங்சோவில் சீனக் கலைக் கழகத்தின் சியாங்ஷான் வளாகத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பழைய ஓடுகளைப் பயன்படுத்தியிருக்கிறார். 2006இல் வெனிஸ் பியன்னாலே என்கிற கட்டடக்கலைக் கண்காட்சியில் 66,000 பழைய ஓடுகளை மூங்கில் சட்டத்தின் மேல் தோட்டம் மாதிரி விரித்துக் காட்டினார். இத்தனை ஓட்டைக் கையாண்ட பிறகுதான் 2008இல் அருங்காட்சியகம் முடிகிறது.

உங்கள் விரிவுரையாளர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். வாங் ஷூவும் சியாங்ஷானில் கட்டடக்கலை மாணவர்களுக்குத் தச்சும் சுவர் கட்டுவதும் கற்றுக்கொடுத்தவர்தான்.

தஞ்சோங்காற்று எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். 30 கிராமம் போனபிறகு அவற்றின் ஓட்டை எடுத்து அரசாங்கக் கட்டடத்தில் பதித்தால், அது அந்தக் கிராமத்து மக்களுக்கு என்ன தந்தது? நினைவுச் சின்னம் அழகாக இருக்கிறது, வீடு போனது போனதுதான். செந்தூலிலும் அதே கதை ஆகிவிடக் கூடாது. கூடத்தின் சுவரில் செங்கல் இருக்கும், அந்தச் செங்கல்லுக்குள் வாழ்ந்த குடும்பங்கள் பதினேழாவது மாடிக்குப் போயிருப்பார்கள்.

அவரே இதை உணர்ந்திருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு ஹாங்சோவை ஒட்டிய ஃபூயாங்கில் ஒரு பெரிய அருங்காட்சியக வளாகத்தைக் கட்டித் தரச்சொல்லி உள்ளூர் அரசாங்கம் கேட்டபோது, பக்கத்துக் கிராமத்தையும் சீரமைக்க விடவேண்டும் என்று நிபந்தனை போட்டு வென்சுன் கிராமத்தில் வேலை செய்தார். மக்கள் இருக்கும்போதே கிராமத்துக்குள் போய் வீடு கட்டியது அது. எனக்கு நிங்போவைவிட வென்சுன் பெரிய வேலை.

இன்னொன்று. 2012இல் கட்டடக்கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் விருதை வாங் ஷூவுக்கு மட்டும் கொடுத்தார்கள், லு வென்யுவுக்கு இல்லை. இரண்டு வருடம் முன்னால் ஜெர்மனியின் ஷெல்லிங் கட்டடக்கலை விருது இருவருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. விருதை மனைவியோடு பகிர்ந்திருக்க வேண்டும் என்று அவரே சொன்னார். தங்கச்சி, கட்டுரை எழுதும்போது இரண்டு பெயரையும் போடுங்கள். கட்டுகிறவர் யார் என்ற கேள்விக்கு அதுவும் ஒரு பதில்.

சுண்ணாம்புச்சாந்து எழுதியது:

மகளே, பினாங்கிலிருந்து எழுதுகிறேன். முப்பது வருடமாகப் பழைய கடைவீடுகளைப் பழுதுபார்க்கும் வேலை. சீனாவின் பெரியவரைப் பற்றி மேலே தம்பி சொன்னதைத்தான் நானும் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் பழைய செங்கல் எனக்குத் தெரியும், நம் மழையும் தெரியும்.

முதலில் இடிக்கிற இடத்துக்குப் போய், செங்கல்லை எந்தச் சாந்தில் கட்டியிருக்கிறார்கள் என்று பார். சுண்ணாம்புச் சாந்து என்றால் உளியால் மெல்லத் தட்டினாலே உதிரும், செங்கல் முழுசாகக் கைக்கு வரும். சிமெண்டில் கட்டியது என்றால் செங்கல் உடையுமே தவிர சிமெண்ட் விடாது. பழைய குவார்ட்டர்ஸில் முன்பக்கம் சுண்ணாம்பாக இருக்கும், பின்னால் பிற்காலத்தில் சேர்த்த சமையலறை சிமெண்டாக இருக்கும். அப்புறம் இரண்டு செங்கல்லை ஒன்றோடொன்று தட்டிப் பார், கணீர் என்று கேட்டால் நல்ல வேக்காடு, மொத்தென்று கேட்டால் தள்ளிவை. ஆணியால் கீறிப் பார். ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டு எடுத்துப் பார்.

தரையை ஒட்டிய வரிகளிலும் கழிவறைப் பக்கத்திலும் இருந்த செங்கல்லை எடுக்காதே. அதில் உப்பு ஊறியிருக்கும், எங்கே கொண்டுபோய்க் கட்டினாலும் இரண்டாவது மழைக்கு வெள்ளையாகப் பூத்து முகம் உதிரும். கூரையில் சாம்பல் நிற நெளித் தகடு இருந்தால் பக்கத்திலேயே போகாதே, அந்தக் காலத் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதை எடுப்பதற்குத் தனி ஆட்கள், தனி முறை இருக்கிறது.

ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் வந்தபிறகு எத்தனையோ வீட்டுக்காரர்கள் ஆசையோடு முகப்பைப் புதுப்பித்தார்கள். பலர் செய்த தவறு ஒன்றேதான், பழைய மெத்துச் செங்கல்லின் மேல் சிமெண்ட் பூசி, அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்துவிட்டார்கள். தரையிலிருந்து ஏறுகிற ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்று, உப்பு கட்டி, செங்கல் மாவாகிவிடுகிறது. வெளியே பார்த்தால் சுவர் பளபள என்றிருக்கும், தட்டினால் பொத்தென்று கேட்கும். ஒரு வீட்டில் பூச்சை உரித்தபோது மூன்று வரிச் செங்கல் கையோடு மண்ணாக வந்தது. வீட்டுக்காரம்மா அழுதுவிட்டார்கள்.

ஆகவே சாந்து எப்போதும் செங்கல்லைவிட மெத்தாக இருக்க வேண்டும். நீற்றிய சுண்ணாம்பு, சலித்த மணல். எங்கள் பெரியவர்கள் கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் கருப்பட்டியும் சேர்ப்பார்கள். சுண்ணாம்பு பொறுமையான பொருள், காய அவகாசம் கொடுக்கவேண்டும், தார்பாய் கட்டி மழையிலிருந்தும் நேர் வெயிலிலிருந்தும் காக்கவேண்டும்.

ஓட்டைப் படுக்கவைத்து அடுக்குகிற சுவருக்கு நம் ஊரில் பெரிய சிக்கல் தண்ணீர்தான். அத்தனை ஓடு, அத்தனை மூட்டு, ஒவ்வொரு மூட்டும் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஒவ்வொரு வரியையும் வெளிப்பக்கம் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், தாழ்த்திவை. தரையிலிருந்து இரண்டு அடி வரைக்கும் நல்ல புதுச் செங்கல்லோ கருங்கல்லோ போடு. தாழ்வாரத்தை நான்கடி வெளியே இழு. நிங்போ சுவருக்குத் தாழ்வாரம் இல்லையே என்று கேட்பாய். இங்கே அப்படி விட்டால் ஒரே வருடத்தில் பாசி பிடித்துக் கறுத்துவிடும். கடைவீடு கட்டியவர்கள் முன்னால் கூரை போட்ட நடைபாதையை, அஞ்சடியை, ஏன் வைத்தார்கள்? நடக்கிறவனுக்கு நிழல், சுவருக்குக் குடை.

யார் கட்டப்போகிறார்கள் என்றால், உன் தாத்தா மாதிரி ஆட்கள் இங்கே விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். இப்போது கரணை பிடிக்கிறவர்கள் வங்காளதேசத்துத் தம்பிகளும் இந்தோனேசியத் தம்பிகளும்தான். அவர்களுக்குச் சுண்ணாம்பு தெரியாது என்று சொல்லாதே. என்னிடம் வேலை செய்கிற ஒரு தம்பி, ஊரில் தன் அப்பாவோடு செங்கல் சூளையில் வளர்ந்தவர், செங்கல்லைக் கையில் தூக்கியதுமே வேக்காட்டைச் சொல்லிவிடுவார். யாரும் அவரிடம் கேட்டதில்லை, அவ்வளவுதான். லெய்த் தெரு நீல மாளிகையைத் திருத்தியபோது பீங்கான் துண்டுகளை வெட்டி ஒட்டும் வேலைக்குச் சீனாவிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள். சுவரின் நீலம் சுண்ணாம்பில் கலந்த அவுரி. தொழில் தெரிந்த கை எந்த ஊருடையது என்று அந்தக் காலத்திலும் யாரும் பார்த்ததில்லை.

அடுக்குமாடிஆள் எழுதியது:

எல்லோரும் சுவரையே பேசுகிறீர்கள். வாங் ஷூ ஹாங்சோவில் 26 மாடியில் ஆறு கோபுரங்கள் கட்டியிருக்கிறார், 2007இல் முடிந்தது, அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எந்த மாடியில் இருந்தாலும் முற்றமும் மரமும் உள்ள ஒரு மாடிவீட்டில் வாழ்கிற உணர்வு வரவேண்டும் என்று, வீடுகளை அடுக்கி இடையிடையே திறந்த முற்றம் வைத்தார். நான் பிறந்தது தோட்டத்து லயத்தில், இருபத்தைந்து வருடமாக இருப்பது ஃபிளாட்டில். என் அம்மா கடைசிவரைக்கும் கேட்டது ஒன்றே ஒன்றுதான், துளசியை எங்கே வைப்பது, கோலத்தை எங்கே போடுவது. நடைபாதையில் கோலம் போட்டால் யாராவது மிதித்துவிடுவார்கள். கோலாலம்பூர்க்காரர்களுக்கு அவரிடமிருந்து கற்க வேண்டியது ஓட்டுச் சுவரைவிட அந்த முற்றம் என்பது என் எண்ணம். நூலகத்துக்கும் இது பொருந்தும், பெரியவர்கள் உட்கார்ந்து பேச ஒரு திண்ணை வையுங்கள் தங்கச்சி.

கிள்ளான்கரை எழுதியது:

ஐயா சொன்ன தண்ணீர் விஷயத்தைப் படித்தபிறகு ஒன்று ஞாபகம் வந்தது. முழு ஓடும் முழுச் செங்கல்லும் கிடைக்காவிட்டால் லியு ஜியாகுன் செய்ததைப் பாருங்கள். அவர் செங்டு ஊர்க்காரர், 1956இல் பிறந்தவர், 2025இல் பிரிட்ஸ்கர் வாங்கினார். 2008 நிலநடுக்கத்தில் சிச்சுவானில் ஊர் ஊராக விழுந்தபோது, இடிபாட்டை அரைத்து, வைக்கோல் நாரும் சிமெண்டும் சேர்த்துப் புதுக் கல்லாக வார்த்தார், மறுபிறப்புச் செங்கல் என்று பெயர். வாங் ஷூ ஓட்டை அப்படியே வைத்து அது எங்கிருந்து வந்தது என்று காட்டுகிறார், லியு அதைப் பொடியாக்கி மறுபடி வேலைக்கு அனுப்புகிறார். அழகு குறைவுதான், ஆனால் உடைந்த துண்டு ஒன்றுகூட வீணாகாது. இரண்டையும் கலக்கலாம், அடிவரிகளுக்கு அரைத்த கல், மேலே முழுச் செங்கல்.

செந்தூல்மலர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை படித்தேன். ஐயா, நீங்கள் எழுதிய மறுநாளே அம்மாவைக் கூட்டிக்கொண்டு இடிக்கிற இடத்துக்குப் போனேன். மேற்பார்வையாளர் முதலில் விடவில்லை, அம்மா அவரிடம் அந்த வீடுகளில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்ல ஆரம்பித்ததும் தலைக்கவசம் கொடுத்து வேலிக்குள் விட்டார். முன்சுவர் சுண்ணாம்புச் சாந்துதான். கரணை முனையால் தட்டினேன், தாத்தாவின் கரணை, உதிர்ந்து வந்தது. நாற்பது செங்கல் எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்திருக்கிறது. அதில் முப்பத்தொன்று கணீர் என்கிறது.

தஞ்சோங்காற்று சொன்னது என்னை நிறைய யோசிக்கவைத்தது. அந்த வீடுகளில் இருந்த குடும்பங்கள் பக்கத்து ஃபிளாட்டுக்குத்தான் போயிருக்கிறார்கள் என்று அம்மா சொன்னார். கூடத்தின் இடத்தை அந்த ஃபிளாட்டின் வாசலுக்கு எதிரே மாற்றிவிட்டேன். திண்ணையும் வரைந்தாயிற்று. சுவரின் உயரத்தை ஒன்பது அடியாகக் குறைத்துவிட்டேன், பாரம் கான்கிரீட் தூணுக்கு, சுவர் தன் எடையை மட்டும் தாங்கும். ஐயா, நாற்பது செங்கல்லில் மாதிரிச் சுவர் ஒன்று கட்டிப் பார்க்க முடியுமா? எப்படித் தொடங்குவது?

சுண்ணாம்புச்சாந்து எழுதியது:

முடியும் மகளே. முப்பத்தொன்றை மட்டும் எடு, ஒன்பதைத் தள்ளு. ஓடும் பத்துப் பதினைந்து கேட்டு வாங்கு, உடைந்தது போதும். இரண்டடி அகலம், மூன்று வரி செங்கல், ஒரு வரி ஓடு, மறுபடி செங்கல். வாளியில் நீற்றிய சுண்ணாம்பை ஒரு மாதமாவது தண்ணீருக்கடியில் மூடிவைத்து அப்புறம் எடு, கடையில் கிடைக்கும் மாவுச் சுண்ணாம்பை அன்றைக்கே கலக்காதே. கண்ணில் படக்கூடாது, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள். செங்கல்லை நனைத்துவிட்டுக் கட்டு, காய்ந்த செங்கல் சாந்தின் ஈரத்தைக் குடித்துவிடும். கட்டி முடித்ததும் ஒரு மாதம் மூடிவை, அப்புறம் வெளியே மழையில் விட்டு ஒவ்வொரு வாரமும் படம் எடுத்து இங்கே போடு.

தவணை விடுமுறையில் பினாங்குக்கு வர முடிந்தால் வா. லெபு பந்தாய் பக்கம் ஒரு வீட்டில் வேலை நடக்கிறது, சூளைத் தம்பியும் இருப்பார். கரணையைக் கொண்டுவா.